முன்சக்கரத்து ஆட்டம்

பிரேக்கைச் சரிசெய்த மறுநாள் காலையில்தான் அமீனுல்லாவின் லாரி ஆட ஆரம்பித்தது. நின்றால் ஆடாது. மாட்டுவண்டி வேகத்தில் உருண்டாலும் ஆடாது. ஆலங்காயம் கடைத்தெருவைத் தாண்டி ரோடு கொஞ்சம் விரிந்து, அவன் கால் ஒரு விரல்கடை கீழே போனதும் ஸ்டியரிங் இரண்டு கைக்குள்ளும் நடுங்கும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் பானெட்டிலிருந்து கண்ணாடி வரை எல்லாம் குலுங்கும். பிரேக் மட்டும் சொன்ன இடத்தில் நின்றது. பிரேக் கெட்டிருந்தபோது ஒழுங்காக ஓடிய வண்டி, பிரேக் சரியானதும் ஆடுவானேன் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

யுத்தத்தில் மிஞ்சிய லாரி அது. பட்டாளத்துப் பச்சை நிறம் இன்னும் கதவின் உள்பக்கத்தில் இருந்தது. ஜவ்வாது மலைமேல் ஆவாரம்பட்டையும் கொன்னைப்பட்டையும் உரித்துக் காயவைத்துக் கட்டி வைப்பார்கள். அதை ஏற்றி வந்து தோல் பதனிடுகிற வாணியம்பாடி தோல்ஷாப்புகளில் இறக்குவது அமீனுல்லாவின் பிழைப்பு. பத்து நாளைக்கு முன்னால் பட்டை லோடோடு இறங்கும்போது மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி உரசி நிறுத்தினான். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் வீட்டில் சுபைதா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "வண்டிய வித்துப்புட்டு ஒரு பெட்டிக்கட வச்சிக்குங்க" என்று அழுதாள்.

வாணியம்பாடி மெக்கானிக் வண்டியை ஐந்து நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அமீனுல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு வருஷம் பஸ்ஸில் கிளீனராகக் கிடந்தவன் அவன். பிரேக் ஷூவில் லைனிங் வைத்து ரிவிட் அடிக்க இன்னொருத்தன் காலில் விழுவதா? வீட்டுக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்தி, அடியில் கருங்கல் முட்டுக் கொடுத்து, தானே பிரித்துப் போட்டான். இடது முன்சக்கரத்தை முதலில் முடித்தான். அதில் கை பழகவில்லை, இரண்டு ரிவிட் கோணிக்கொண்டது, பிடுங்கி மறுபடி அடித்தான். வலது சக்கரம் வந்தபோது கை பழகிவிட்டது. அதைப் பார்த்து அவனே ஒரு பீடி பற்ற வைத்து ரசித்தான்.

பிரேக் வேலை முடிகிற அன்று காலையில் தேத்தண்ணியோடு சுபைதா வந்து நின்றாள். மற்ற கையில் பச்சைத் துணியில் முடிந்த ஒரு ஓட்டைக் காலணா. நயா பைசா வந்து மூன்று வருஷமாகிறது, செல்லாத காசுதான். பயணம் போகிறவர் புஜத்தில் இப்படிக் காசு முடிந்து கட்டுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். இமாம் ஜாமின் என்பார்கள்.

"கைய நீட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"கட்டிக்குங்க. என் மனசுக்கு."

"ஹஜ்ஜுக்கா போறேன்? பட்ட ஏத்தப் போறவனுக்கு இமாம் ஜாமினா? தோல்ஷாப்ல பாத்தா சிரிப்பாங்க." அவள் கையைப் புறங்கையால் தள்ளினான். கிரீஸ் அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. "பிரேக்கு நான் கட்டிக்கினு கீறேன். அத்த நம்பு."

அவள் காசை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பகலுக்குமேல் அவள் உதவிதான் தேவைப்பட்டது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று ஏறியிருந்தால் மிதித்தாலும் பிடிக்காது. மேலே ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க, கீழே ஒருவர் படுத்துக் காற்றை வெளியே விட வேண்டும். கிளீனர் தங்கவேல் கொல்லுப்பட்டறைக்குப் போயிருந்தான். வேறு ஆளில்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி கதவில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுபைதா வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"அமுக்கு!"

"அமுக்கிக்கினு கீறேன்."

"உடு!"

"உட்டேன்."

"இன்னா அதுக்குள்ள உட்ட? நான் சொன்னாத்தான் உடணும்."

"உடுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"மெதுவா உடுன்னேன்."

"அத்த மெதுவா சொல்லியிருக்கணும்."

சாக்குக்குப் பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. லாரிக்கடியில் மல்லாந்து கிடந்த அமீனுல்லாவுக்கும் மனசு லேசாயிற்று. வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் தங்கவேல் வந்து வலது சக்கரத்தைத் தூக்கி மாட்டியிருந்தான். ஆறு நட்டையும் அமீனுல்லா ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்கினான்.

அதற்கு மறுநாள்தான் ஆட்டம்.

முதலில் டயரில் காற்று என்று நினைத்தான். அடித்துப் பார்த்தான், ஆடியது. கொல்லர் மாதையனைக் கூட்டி வந்தான். வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா போடுகிறவர், லாரியையும் பெரிய மாட்டுவண்டியாகவே பார்ப்பார். இடது முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

"ஆக்சில்ல உட்டுப்போயி கீது பாய். வயசாயிட்டுது."

"நேத்து வரைக்கும் வயசாவலியே?"

"வயசு ஒரே ராத்திரியில ஆவும். என்ன பாரு."

பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு மயிரிழை இடதுபக்கம் இழுத்தது. கோணல் ரிவிட் அடித்ததும் இடதுபக்கத்தில்தான். ஆகவே அமீனுல்லா இடது சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மைத் துடைத்தான், பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்தான், மாட்டினான். ஆடியது. மறுநாள் மறுபடி கழற்றினான். ஸ்டெப்னியை மாற்றினான். அப்போதும் ஆடியது. ஸ்டியரிங் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. வலதுபக்கத்தை அவன் சந்தேகப்படவே இல்லை. அது அவன் கை பழகிய பிறகு செய்த வேலை அல்லவா!

வலதில் ஒரே ஒரு சின்ன விஷயம் இருந்தது. ஆறு நட்டில் ஒன்று மட்டும் தினம் சாயங்காலம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தங்கவேல்தான் அதைக் கண்டு தினம் இறுக்குவான்.

"நட்டுல மர தேஞ்சிருக்கும் பாய். நான் பாத்துக்கறேன்" என்றான்.

தங்கவேலுக்கு முப்பது வயது. நல்ல வேலைக்காரன், கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டான். கேட்கத் தோன்றவில்லை, அமீனுல்லாவுக்கு.

அவனை அதிகம் குழப்பியது சுபைதாதான். பத்து நாளைக்கு முன்னால் வண்டியை விற்கச் சொல்லி அழுதவள், இப்போது வண்டி ஆடுகிறது என்றால் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வாங்க" என்கிறாள்.

"ஆடுதுன்னு சொல்றேன். நீ இன்னா இப்டி பேசற?"

"ஆடுது. உழுந்துச்சா?"

"உழுந்தப்புறமா சொல்ல முடியும்?"

"உழாது" என்றாள். தட்டில் சால்னாவை ஊற்றி நகர்த்தி வைத்தாள்.

பொண்டாட்டி பயந்தாலும் தொல்லை, பயப்படாவிட்டாலும் தொல்லை. அவள் முகத்தை ஜாடையாகப் பார்த்தான். நிஜமாகவே பயம் இல்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

தை பிறந்து ஒரு வாரம். படவேட்டில் சம்பா அறுப்பு. வருஷா வருஷம் மலைமேலிருந்து ரங்கசாமிக் கவுண்டர் ஆள் கூட்டிக்கொண்டு அறுப்புக்கு இறங்குவார். அமீனுல்லாதான் ஏற்றிக்கொண்டு மறுபக்கத்து இறக்கத்தில் போய்ப் படவேட்டில் விடுவான். இந்த வருஷம் குழந்தைகளோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வயலுக்கு வராவிட்டால் வேறு ஆளை இறக்கிவிடுவதாக நிலக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மலையில் இந்த முறை சாமை சரியாக விளையவில்லை. அறுப்புக் கூலி நெல் வந்தால்தான் சித்திரை வரை அடுப்பு எரியும்.

"நான் இல்லன்னா வேற வண்டி கெடையாது" என்றான் அமீனுல்லா வீட்டில். "ஏத்திக்கினு எறங்கறதுக்கும் மனசு வரல. முப்பத்திரண்டு உசுரு."

"நானும் வர்றேன்" என்றாள் சுபைதா.

"எங்க?"

"படவேட்டுப் பக்கத்துல சந்தவாசல்ல என் தங்கச்சி ஜெய்புன்னிசாவுக்குக் கொழந்த பொறந்து இருபது நாளாவுது. பாக்க வேணாமா? அப்டியே கேபின்ல வந்துடறேன்."

"வண்டி ஆடுதுடி!"

"அதான் நான் வர்றேன்னு சொல்றனே."

வியாழக்கிழமை மலை ஏறினார்கள். ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்ததால் ஆட்டமில்லை. மூன்றாவது வளைவில் உரசின பாறை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. சுபைதா அதைப் பார்த்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், குழந்தைக்குக் கொண்டுபோகும் சட்டைத்துணியை மடித்து மடித்து வைத்தாள். அமீனுல்லாதான் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மலைமேல் பனி கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரங்கசாமியின் ஊரில் எல்லா வீட்டுக் கதவும் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. சட்டி பானை, பாய், அரிவாள், கூடைக்குள் கோழி, கம்பளிக்குள் குழந்தை. எல்லாரும் லாரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ரங்கசாமி தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏத்தலாங்களா பாயி?"

"கவுண்டரே, ஒரு விசயம்." அமீனுல்லா அவரைத் தனியாக அழைத்துப் போனான். "வண்டி சரியில்ல."

"பிரேக்கு புதுசா போட்டன்னு தங்கவேலு சொன்னானே?"

"பிரேக்கு நல்லாத்தான் கீது. முன்பக்கம் ஆடுது. எதுனால ஆடுதுன்னு தெரியல."

ரங்கசாமி லாரியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார். "போன வாட்டி உருளப் பாத்துச்சே, அந்தப் பயம் இன்னும் அதுக்குப் போவல. என் காள ஒண்ணு பள்ளத்துல உழுந்து எழுந்தது, ஆறு மாசம் அந்த எடம் வந்தாலே நடுங்கும்."

"இது காள இல்ல கவுண்டரே, இரும்பு."

"இரும்பா இருந்தா பயம் வராதா? ஆடற வரைக்கும் நீயும் இரும்புன்னுதானே நெனச்ச?"

அமீனுல்லா குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். ரங்கசாமி மெதுவாகக் கேட்டார்: "நடந்து எறங்கினா நாளைக்கு ராத்திரிதான் போய்ச் சேருவோம். வயலு போயிடும். உனுக்குத் தெரியாததா? நீ சொல்லு, ஏறலாமா, வேணாமா? நீ ஏறுன்னா ஏறிடுவாங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

அதுதான் அவனைக் குத்தியது. கேட்க மாட்டார்கள். ஏறிவிடுவார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள்.

"வெறும் வண்டியா ஒரு வளைவு எறங்கிப் பாத்துட்டு வர்றேன்" என்றான்.

இறங்கினான். சரிவில் வேகம் தானாக வந்தது. ஸ்டியரிங் உதறியது. முன்னைவிட அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்து நிறுத்தி, வண்டியைத் திருப்பி மேலே கொண்டுவந்தான்.  இறங்கி லாரிப் படியில் உட்கார்ந்தான். ரங்கசாமி அவன் முகத்தைப் பார்த்தார், தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள்.

ரங்கசாமியின் மனைவி செல்லியம்மாள் மட்டும் வாசலில் திருகையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். கிடைக்கிற நேரத்தில் வழியில் களி கிண்ட இன்னும் இரண்டு படி மாவாகட்டுமே என்பது அவள் கணக்கு. மேல்கல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருபக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது.

"சீ, என் உசுர வாங்குது" என்று அவள் நிறுத்தினாள். மேல்கல்லைத் தூக்கிச் சாய்த்தாள். கீழ்க்கல்லைக் கையால் தடவினாள். மிளகு அளவு ஒரு பொடிக்கல் அகப்பட்டது. எடுத்து எறிந்துவிட்டுக் கல்லை வைத்துச் சுற்றினாள். கல் சத்தமில்லாமல் சுற்றியது.

அமீனுல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லில் குறையில்லை, நடு முளையில் குறையில்லை. இரண்டு கல்லும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை, அவ்வளவுதான். அவனுக்கு அந்தத் தளர்கிற நட்டு ஞாபகம் வந்தது.

"தங்கவேலு! ஜாக்கிய எடு. வலது சக்கரம்."

தங்கவேல் ஜாக்கியை எடுத்தான். ஆனால் வைக்காமல் நின்றான். "அந்தப் பக்கம் வேணாங்க பாய்."

"ஏன்?"

"அதுல நீங்க கட்டினது கீதே."

"நான் இன்னாடா கட்டினேன்?"

"பச்சத் துணி. போல்ட்டு அடியில முடிச்சிப் போட்டு. அன்னிக்குச் சக்கரம் மாட்டறப்ப பாத்தேன்." தங்கவேல் குரல் இறங்கியது. "நீங்க ஓதிக் கட்டினதுன்னு நெனச்சேன். சாமி விசயம், இன்னொருத்தர் முடிஞ்சத நான் தொடக்கூடாது, கேக்கவும் கூடாது. அதும்மேலயே சக்கரத்த ஏத்திட்டேன். நட்டு தளந்தா அது அவுந்துடப்போவுதுன்னுதான் தெனம் இறுக்கினேன்."

கேபின் கதவு திறந்தது. சுபைதா இறங்கினாள். இத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் அவள் இறங்கி வந்ததே புதுசு.

அமீனுல்லா ஜாக்கியைத் தானே வைத்து ஏற்றினான். ஆறு நட்டையும் கழற்றிச் சக்கரத்தை இழுத்தான். டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே, தளர்கிற அந்தப் போல்ட்டின் அடியில், பச்சைத் துணி கிரீஸில் கறுத்து அப்பளம்போல் நசுங்கி ஒட்டியிருந்தது. உள்ளே ஓட்டைக் காலணா. அதன் வளையம் சக்கரத்து இரும்பில் பதிந்து முத்திரை வைத்திருந்தது. அந்தச் சின்னக் காசின் கனம் சக்கரத்தை ஒருபக்கம் தூக்கி நிறுத்தியிருந்தது. ஆறு நாளாக அவன் நம்பிய சக்கரம் சரியாக உட்காரவே இல்லை.

உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டு திரும்பினான். "இன்னா சுபைதா இது?"

"நீங்க தொழுவப் போனப்ப கட்டினேன்."  "உங்க கைல கட்ட உடல. வண்டி கைலயாவது கட்டலாம்னு..."

"இதான்டி ஆட்டுச்சி! இன்னும் நாலு நாள் போயிருந்தா நட்டு புட்டுக்கினு சக்கரம் தனியா ஓடியிருக்கும். இந்த ஜனம் பூரா பள்ளத்துல! நீயே உள்ள உக்காந்துக்கினு வந்தியேடி!"

"அது கீதுன்னுதானே உக்காந்தேன்."

 அவள் வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டாள். "இவ்ளோ ஆடியும் உழலியேன்னு பாத்தேன். அது தாங்கிக்கினு கீதுன்னு நெனச்சேன்... யா அல்லா, நான் இன்னா பண்ணிட்டேன்."

செல்லியம்மாள் திருகையை விட்டு எழுந்து வந்து சுபைதாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.  அமீனுல்லாவுக்கு அந்தக் காலைநேரம் கண்முன் வந்தது. நீட்டிய கையைப் புறங்கையால் தள்ளியது, அவள் மணிக்கட்டில் ஒட்டிய கிரீஸ். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கோபம் முழுசாகப் போகவும் இல்லை.

துணியோடு காசைச் சட்டைப் பையில் போட்டான். டிரம்மையும் சக்கரத்தின் உள்முகத்தையும் பழந்துணியால் துடைத்தான். விரலால் தடவிப் பார்த்து மறுபடி துடைத்தான். தங்கவேல் சக்கரத்தைத் தூக்கினான். இப்போது டக்கென்று ஒரு சத்தத்தோடு படிந்தது. எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கினான். வெறும் வண்டியாக முதல் வளைவு வரை போய்வந்தான். வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே விட்டான். ஸ்டியரிங் அசையாமல் நின்றது.

"ஏறுங்க கவுண்டரே" என்றான்.

கூட்டம் எழுந்தது. பானை, பாய், கோழி, குழந்தை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் ஏறின. செல்லியம்மாள் மாவு மூட்டையைக் கடைசியாகத் தூக்கிக் கொடுத்தாள்.

"நான் சொன்னேன் இல்ல, பயம்" என்றார் ரங்கசாமி ஏறிக்கொண்டே. "யாருதுன்னுதான் தெரியாம போச்சி."

சுபைதா கேபினுக்கு வராமல் பின்பக்கம் பெண்களோடு ஏறப் போனாள். அமீனுல்லா அவளைக் கூப்பிட்டான். கிரீஸ் படிந்த சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் துணியோடு காசை அவளிடம் நீட்டினான்.

"கட்டு."

அவள் அதை வாங்காமல் பார்த்தாள். "துணி அழுக்கா கீதுங்க."

"வண்டிக்கு ஆவுற அழுக்கு எனக்கு ஆவாதா? சீக்கிரம் கட்டு, நேரமாவுது."

அவள் வளைந்துபோன காசை விரலால் நீவி, துணியை முறுக்கி, அவன் புஜத்தைச் சுற்றி இழுத்து மூன்று முடிச்சுப் போட்டாள்.

லாரி இறங்கியது. பனி விலகி, கீழே படவேட்டு வயல்கள் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தன. பின்னால் யாரோ ஒரு பெண் பாட்டு எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் கேபினில் பக்கத்திலிருந்த சுபைதா கேட்டாள்.

"ஆடுதா?"

"ஆடல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். அதற்கும் அதையே சொன்னான். முடிச்சை அவள் ரொம்பவும் இறுக்கிக் கட்டிவிட்டாள். படவேடு போய்ச் சேர்வதற்குள் அவன் வலதுகை விரல்கள் மரத்துப்போயின. தளர்த்தச் சொல்லி அவன் கேட்கவில்லை.